ஒரு குடும்பம் வாரம் எவ்வளவுக்குச் சாப்பிடுகிறது? அரசுக் கணக்கும் வீட்டுக் கணக்கும் ஒத்துப்போகாதது ஏன்

2025 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம், அதாவது கடை விலை ஒரு வருடத்தில் ஏறிய வேகம், 0.25 சதவீதம் என்று மத்திய அரசு அறிவித்தது. உணவுப் பொருட்களுக்கு மட்டும் கணக்கிட்டால் அது பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 5.02 சதவீதம். ஒரு வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட சாப்பாட்டுச் சாமான் மலிந்துவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் ஏறிப்போன தேங்காய் விலையைப் பார்த்துக்கொண்டிருந்த தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இது வேறு ஏதோ ஊர்ச் செய்தியாகத்தான் பட்டிருக்கும்.

இதே போன்ற இன்னொரு குழப்பமும் உண்டு. நகரத்தில் ஒருவர் மாதம் சராசரியாக 6,996 ரூபாய்தான் செலவழிக்கிறார் என்று அரசின் நுகர்வுச் செலவு ஆய்வு சொன்னபோது, "எங்கள் வீட்டில் காய்கறிக்கும் பாலுக்குமே அவ்வளவு ஆகிறதே" என்று பலர் கேட்டார்கள். சாப்பாடு, துணி, பஸ், செல்போன், மருந்து எல்லாம் சேர்ந்த தொகை அது.

இரண்டு எண்களும் பொய்யில்லை. ஆனால் அவை எந்தக் கேள்விக்கான விடை என்பது தெரியாவிட்டால் இரண்டுமே பொய்யாகத் தெரியும்.

வாரச் செலவு என்று எதைச் சொல்கிறோம்?

நம் ஊரில் சாப்பாட்டுச் செலவு ஒரே பில்லில் வருவதில்லை. நான்கு வெவ்வேறு கணக்குகளில் ஓடுகிறது.

1. மாதச் சாமான். சம்பளம் வந்த கையோடு வாங்குவது. அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய், மல்லி, கடுகு, சர்க்கரை. அண்ணாச்சி கடையில் லிஸ்ட் கொடுத்தோ, சூப்பர் மார்க்கெட்டில் வண்டி தள்ளியோ வாங்கினாலும் மாதத்துக்கு ஒருமுறைதான்.

2. வாரச் செலவு. காய்கறிச் சந்தை, பழம், ஞாயிற்றுக்கிழமைக் கறி, மீன். 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளுக்குப் போகிறவர்களும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் போகிறார்கள்.

3. தினச் செலவு. காலைப் பால் பாக்கெட், தயிர், கொத்தமல்லி, அரைத்த மாவு, வெளியில் குடிக்கும் டீ, பிள்ளைகளுக்குப் பிஸ்கட். ஒவ்வொன்றும் சில்லறை என்பதால் எங்கும் எழுதி வைப்பதில்லை.

4. ரேஷன். பணம் குறைவாகவோ இல்லாமலோ வீட்டுக்கு வரும் உணவு.

"வாரம் எவ்வளவு ஆகிறது?" என்று யாரையாவது கேட்டால் அவர் இரண்டாவது கணக்கைத்தான் சொல்வார். கொஞ்சம் யோசித்தால் மாதச் சாமானை நாலாக வகுத்துச் சேர்ப்பார். மூன்றாவது கணக்கு கிட்டத்தட்ட எப்போதும் விட்டுப்போகும். வீட்டுக்கு வீடு பேசும்போது ஒருவர் வாரம் ஆயிரம் என்றும் இன்னொருவர் நாலாயிரம் என்றும் சொல்வதில் பாதி வித்தியாசம் இங்கேயே வந்துவிடுகிறது. மீதிப் பாதிதான் வசதியைப் பொறுத்தது.

அரசு எப்படிக் கேட்கிறது

இந்தியாவில் இதைக் கேட்டுக் கணக்கெடுப்பது தேசியப் புள்ளியியல் அலுவலகம். ஆய்வின் பெயர் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு. கடைசியாக 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை ஒன்றும், 2023 ஆகஸ்ட் முதல் 2024 ஜூலை வரை ஒன்றும் நடந்தன. இரண்டாவதில் 2,61,953 குடும்பங்களிடம் கேட்டார்கள். ஒரே நாளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டால் பதில் சொல்பவர் சலித்துவிடுவார் என்பதால், உணவு, அன்றாடப் பொருட்களும் சேவைகளும், நீடித்து உழைக்கும் பொருட்கள் என்று மூன்றாகப் பிரித்து, மூன்று மாதங்களில் மூன்று முறை ஒரே வீட்டுக்குப் போனார்கள்.

எத்தனை நாள் கணக்கைக் கேட்பது என்பதுதான் இதில் சிக்கலான இடம். போன மாதம் எத்தனை கிலோ தக்காளி வாங்கினீர்கள் என்றால் யாருக்கும் தெரியாது. போன ஏழு நாளில் என்றால் ஓரளவு சொல்லிவிடலாம். அதனால் காய்கறி, பழம், முட்டை, மீன், இறைச்சி, சமையல் எண்ணெய், மசாலா, பானங்கள், வெளியில் வாங்கித் தின்பவை ஆகியவற்றுக்கு ஏழு நாள் கணக்கு. அரிசி, பருப்பு போன்றவற்றுக்கு முப்பது நாள். துணி, கல்விக் கட்டணம் போன்றவற்றுக்கு ஒரு வருடம்.

ஏழு நாள் என்று கேட்டால் செலவு கூடுதலாகவும், முப்பது நாள் என்று கேட்டால் குறைவாகவும் வரும். மறதி செய்யும் வேலை. 1999-2000 சுற்றில் உணவுக்கு இரண்டு கேள்வியையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் போட்டு ஒரே ஆளிடம் கேட்டுவிட்டார்கள். ஏழு நாளுக்குச் சொன்ன பதிலை நாலால் பெருக்கி முப்பது நாளுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றும் அல்லவா? அந்தச் சுற்றில் வறுமை எவ்வளவு குறைந்தது என்று பொருளாதார அறிஞர்கள் பல வருடம் சண்டையிட்டதற்கு இந்தக் கட்டங்களே மூலம். 2017-18 ஆய்வின் முடிவுகளைத் தரம் சரியில்லை என்று சொல்லி அரசு வெளியிடவே இல்லை. 2011-12க்கும் 2022-23க்கும் இடையில் பதினோரு வருடம், இந்தியக் குடும்பங்கள் எதற்குச் செலவழிக்கின்றன என்பதற்கு அதிகாரபூர்வமான விடை கிடையாது.

எண்களை வாரத்துக்கு மாற்றினால்

ஆய்வு தரும் அடிப்படை அளவு மாதாந்திரத் தலா நுகர்வுச் செலவு. குடும்பத்தின் மொத்தச் செலவை அந்தக் குடும்பத்தின் ஆட்களால் வகுத்தது. கைக்குழந்தையும் அதில் ஓர் ஆள்.

2023-24இல் இந்தியக் கிராமங்களில் இது 4,122 ரூபாய், நகரங்களில் 6,996 ரூபாய். இதில் உணவின் பங்கு கிராமத்தில் 47.04 சதவீதம், நகரத்தில் 39.68 சதவீதம். அதாவது ஓர் ஆளுக்கு மாதம் 1,939 ரூபாயும் 2,776 ரூபாயும். நான்கு பேர் குடும்பத்துக்கு ஏழு நாளுக்குக் கணக்கிட்டால், கிராமத்தில் சுமார் 1,810 ரூபாய், நகரத்தில் சுமார் 2,590 ரூபாய்.

தமிழ்நாடு தேசியச் சராசரிக்கு மேலே இருக்கிறது. அதே ஆண்டில் இங்கே கிராமத்தில் தலா 5,701, நகரத்தில் 8,165. இதில் உணவுக்கு நகரத்தில் 40 சதவீதமும் கிராமத்தில் 45 சதவீதமும் போகிறது என்று வைத்துக்கொண்டால், நான்கு பேர் குடும்பத்தின் வாரச் சாப்பாட்டுச் செலவு நகரத்தில் 3,000 ரூபாயைத் தொடும். கிராமத்தில் 2,400 ரூபாயை ஒட்டி வரும். சமையல் காஸ் இதில் சேராது. ஆய்வில் அது எரிபொருள் என்ற வேறு தலைப்பில் போகிறது.

இந்தப் பணம் எதற்குப் போகிறது என்பது மொத்தத் தொகையைவிடச் சுவாரசியமானது. 2022-23 ஆய்வின் நகர்ப்புற எண்களை நான்கு பேருக்கு ஒரு வாரம் என்று மாற்றினால் இப்படி வரும்:

- பானங்கள், நொறுக்குத்தீனி, தயாரித்த உணவு, ஹோட்டல் சாப்பாடு: சுமார் 640 ரூபாய்
- பாலும் பால் பொருட்களும்: சுமார் 435
- பழம்: 230
- காய்கறி: சுமார் 229
- அரிசி, கோதுமை உள்ளிட்ட தானியங்கள்: சுமார் 219
- முட்டை, மீன், இறைச்சி: சுமார் 216
- சமையல் எண்ணெய்: சுமார் 143

அரிசிக்கும் கோதுமைக்கும் சேர்த்துச் செலவழிப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு, வெளியில் தயாரான உணவுக்குப் போகிறது. கிராமத்திலும் முதலிடம் அதற்குத்தான். 1999-2000இல் கிராமக் குடும்பத்தின் மொத்தச் செலவில் தானியத்துக்கு மட்டும் 22 சதவீதம் போயிற்று. 2022-23இல் அது 4.91. ஒரு தலைமுறைக்குள் வீட்டு பட்ஜெட்டில் சோற்றின் பங்கு முன்பு இருந்ததில் சுமார் நாலில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. "விலைவாசி" என்றவுடன் அரிசி விலையை மட்டும் பேசும் அரசியல் பேச்சு இன்னும் அந்தப் பழைய வீட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறது.

என் வீட்டுக் கணக்கு ஏன் ஒட்டவில்லை?

மேலே உள்ள எண்களைப் பார்த்து "இவ்வளவு குறைவா" என்று தோன்றினால், காரணங்கள் இவை.

முதல் காரணம், இது சராசரி. 2023-24இல் நகரத்தில் கடைசி 5 சதவீத மக்களின் தலா மொத்தச் செலவு மாதம் 2,376 ரூபாய். மேல்மட்ட 5 சதவீதத்துக்கு 20,310 ரூபாய். இந்த மாதிரிக் கட்டுரையைப் போனில் படித்துக்கொண்டு, சூப்பர் மார்க்கெட் பில்லை ஒப்பிட்டுப் பார்க்கிற குடும்பம் பெரும்பாலும் ஏணியின் மேல் பாதியில் இருக்கிறது. தான் நடுத்தரம் என்று எல்லோருமே நினைப்பதால் இது எளிதில் மனதில் ஏறுவதில்லை.

இரண்டாவது, ஆட்களை எண்ணும் முறை. இரண்டு பெரியவர்களும் இரண்டு சிறு குழந்தைகளும் உள்ள வீடும், கல்லூரி போகும் இரண்டு பிள்ளைகள் உள்ள வீடும் ஆய்வில் நான்கு பேர்தான். சாப்பாட்டில் அப்படி இல்லை. இதற்கு வேறொரு பழைய கணக்கு இருக்கிறது. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலியை வரையறுத்தபோது, தொழிலாளி, மனைவி, இரண்டு குழந்தைகள் சேர்ந்து மூன்று நுகர்வு அலகு என்று எடுத்துக்கொண்டது. ஆணுக்கு 1, பெண்ணுக்கு 0.8, குழந்தைகளுக்கு 0.6 வீதம். ஓர் அலகுக்கு 2,700 கலோரி. அந்த உணவு அளவுக்குப் பின்னால் இருந்தவர் வாலஸ் ஐக்ராய்ட். குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநராக 1930களிலும் 40களிலும் வேலை செய்தவர். பெண்ணுக்குக் குறைவாகப் போட்டது சரியா என்பது இருக்கட்டும், தலைகளை எண்ணுவதும் வயிறுகளை எண்ணுவதும் ஒன்றில்லை என்பதை அந்த மாநாடு ஒப்புக்கொண்டிருந்தது.

மூன்றாவது, பணம் கொடுக்காமல் வரும் உணவு. தமிழ்நாட்டில் இது சின்ன விஷயமில்லை. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்கு விலையே கிடையாது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். 2024இல் வெளியே துவரம் பருப்பு 150 ரூபாயைத் தாண்டியிருந்தது. பாமாயில் நூறை ஒட்டி இருந்தது. ஒரு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய் என்ற இரண்டில் மட்டும் கார்டுக்கு மாதம் சுமார் 195 ரூபாய் மிச்சம். அரிசியைச் சேர்த்தால் இன்னும் பல நூறு. ஆய்வில் 30 ரூபாய்க்கு வாங்கிய பருப்பு 30 ரூபாய்ச் செலவாகவே பதிவாகும். இலவசமாக வந்தவற்றுக்கு விலை மதிப்புப் போட்டு இன்னொரு கணக்கையும் வெளியிடுகிறார்கள். அதில் கிராமத் தலா செலவு 4,122இலிருந்து 4,247 ஆகவும், நகரத்தில் 6,996இலிருந்து 7,078 ஆகவும் கூடுகிறது. ரேஷன் அரிசியைச் சமைக்கும் வீட்டையும், சிப்பம் சிப்பமாகப் பொன்னி வாங்கும் வீட்டையும் ஒரே சராசரியில் போட்டால் கிடைக்கும் எண் இரண்டு வீட்டுக்கும் பொருந்தாது.

பள்ளிச் சாப்பாடும் இதில் சேரும். அரசு தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளை வார நாட்களில் மதியம் அங்கே சாப்பிடுகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் வந்த பள்ளிகளில் காலையும் அங்கேதான். மே மாத விடுமுறையில் அந்த வேளைகள் எல்லாம் வீட்டுக்குத் திரும்பிவிடும். கூலி வேலைக் குடும்பத்தின் மே மாதச் செலவு ஜூலை மாதத்தைப்போல இருக்காது.

பங்குதான் முக்கியம், தொகை அல்ல

எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857இல் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை ஆராய்ந்து ஒன்றைக் கண்டார். வருமானம் கூடக் கூட உணவுக்குச் செலவிடும் தொகை கூடும். ஆனால் மொத்தத்தில் உணவின் பங்கு குறையும். (மார்க்ஸோடு எழுதிய எங்கெல்ஸ் வேறு ஆள்.) ஒன்றரை நூற்றாண்டு தாண்டியும் எந்த நாட்டுத் தரவை எடுத்தாலும் இது பெரும்பாலும் நிற்கிறது. இந்தியக் கிராமங்களில் உணவின் பங்கு 2011-12இல் 52.9 சதவீதம், 2022-23இல் 46.38.

ஆனால் அடுத்த வருடமே அது 47.04க்கு ஏறியது. நகரத்திலும் 39.17இலிருந்து 39.68 ஆனது. எங்கல் விதி பொய்த்துவிட்டதா? அந்த ஒரு வருடத்தில் உணவு விலை மற்றவற்றைவிட வேகமாக ஏறியது. அந்த வருடம் தொடங்கும் முன்பே, 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டியபோது தமிழ்நாடு அரசு ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது பலருக்கு நினைவிருக்கும். அந்த மாதம் நாடு முழுவதும் உணவுப் பணவீக்கம் 11.51 சதவீதம். விலை ஏறினால் தக்காளியைக் குறைக்கலாம், சாப்பாட்டை நிறுத்த முடியாது. உணவின் பங்கு ஏறினால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு: நல்ல சாப்பாட்டுக்கு மாறியிருக்கலாம், அல்லது விலை கழுத்தைப் பிடித்திருக்கலாம். எது என்பதை அந்த ஒரு எண் சொல்லாது.

குறியீட்டெண்ணும் எடையும்

இனி முதலில் சொன்ன மைனஸ் 5.02க்கு வரலாம். நுகர்வோர் விலைக் குறியீட்டெண் என்பது ஒரு கற்பனைக் குடும்பத்தின் கூடை. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எடை. அந்தக் கற்பனைக் குடும்பம் நூறு ரூபாய் செலவழித்தால் அதில் எத்தனை ரூபாய் அந்தப் பொருளுக்குப் போகிறது என்பதே எடை. 2025 முடியும் வரை பயன்பட்ட கூடை 2011-12 ஆய்விலிருந்து செய்தது. அதில் உணவுக்கும் பானத்துக்கும் 45.86, அதற்குள் காய்கறிக்கு 6.04, எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் 3.56.

2025 அக்டோபரில் காய்கறி விலை முந்தைய அக்டோபரைவிட 27.57 சதவீதம் கீழே இருந்தது. எண்ணெய் 11.17 சதவீதம் மேலே. தோராயமாகப் பெருக்கிப் பாருங்கள். காய்கறி மட்டும் மொத்தப் பணவீக்கத்தைச் சுமார் 1.7 சதவீதப் புள்ளி கீழே இழுத்திருக்கிறது, எண்ணெய் 0.4 புள்ளிதான் மேலே தள்ளியிருக்கிறது.

காய்கறி உண்மையிலேயே மலிவாகிவிட்டதா? 2024 அக்டோபரில் அதே காய்கறி அதற்கு முந்தைய அக்டோபரைவிட 42.18 சதவீதம் ஏறியிருந்தது. 2023 அக்டோபரில் 100 ரூபாய்க்கு வந்த காய்கறிப் பை 2024இல் 142 ரூபாய். அதிலிருந்து 27.57 சதவீதம் குறைந்தால் 103 ரூபாய். ஆக, "காய்கறி விலை கால்வாசிக்கு மேல் சரிவு" என்ற தலைப்புச் செய்தியின் பொருள், இரண்டு வருடத்துக்கு முந்தைய விலைக்குத் திரும்பி வந்திருக்கிறோம் என்பது. இதற்கு அடிப்படை விளைவு என்று பெயர்: எந்த மாதத்தோடு ஒப்பிடுகிறோமோ அது மோசமாக இருந்தால், இந்த மாதம் தானாகவே நன்றாகத் தெரியும்.

இதன் மறுபக்கம் பாலில் தெரியும். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் 2022 நவம்பரில் லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ஆயிற்று. 25 சதவீத ஏற்றம். அடுத்த 12 மாதமும் அந்தப் பாக்கெட்டின் பணவீக்கம் 25 சதவீதம் என்றே கணக்கில் வரும். பதிமூன்றாவது மாதம் அது பூஜ்யம். வீட்டு வாசலில் தொங்கும் பையில் பால்காரர் போட்டுவிட்டுப் போவது அதே 60 ரூபாய்ப் பால். குடும்பம் பார்ப்பது விலையின் மட்டத்தை. பணவீக்கம் அளப்பது ஏறும் வேகத்தை. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று எடுத்துக்கொள்வதுதான் இந்தச் செய்திகளில் நேரும் மிகப் பொதுவான பிசகு. பத்திரிகைத் தலைப்புகளே பல சமயம் அப்படித்தான் எழுதப்படுகின்றன.

தேங்காய் கணக்கு

தேசியக் கூடை எல்லோருக்கும் பொதுவான கூடை. பீகார் வீட்டில் கடுகெண்ணெய், பஞ்சாபில் கோதுமையும் நெய்யும், இங்கே தேங்காயும் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும். நாடு தழுவிய கூடையில் தேங்காயின் எடை மிகச் சிறியது. சட்னிக்கும் குழம்புக்கும் பொரியலுக்கும் நாளுக்கு ஒரு மூடியாவது செலவாகும் சமையல்கட்டுக்கு அது சிறியதில்லை.

2025இல் வடக்கே உருளையும் வெங்காயமும் தக்காளியும் சரிந்தபோது தெற்கே தேங்காயும் தேங்காய் எண்ணெயும் ஏறின. 2025 செப்டம்பரில் நாட்டின் பணவீக்கம் ஒன்றரை சதவீதத்தை ஒட்டி இருந்தபோது கேரளத்தில் அது 9 சதவீதத்தைச் சுற்றி இருந்தது. அதில் தேங்காய் எண்ணெயின் பங்கு பெரியது. தமிழ்நாட்டில் தேங்காய் எண்ணெயில் சமைக்கும் பழக்கம் குறைவு என்பதால் அவ்வளவு அடி இல்லை. நாகர்கோவில் பக்கம் விதிவிலக்கு.

எண்ணெய் விலைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இந்தியா தன் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. 2024 செப்டம்பரில் சுத்திகரிக்காத பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் மீதான மொத்த இறக்குமதி வரியை மத்திய அரசு 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆக்கியது. உள்நாட்டு எண்ணெய்வித்து விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்பது அதன் நியாயம். 2025 மே கடைசியில் 16.5க்கு இறக்கினார்கள். ஒரு குடும்பத்தின் மாதச் சாமான் பில்லில் ஏறும் நூறு ரூபாய்க்குப் பின்னால் இந்தோனேசியத் தோட்டமும் டில்லி அறிவிப்பும் இருப்பது இப்படித்தான்.

பாக்கெட் இளைத்தால்

விலை ஏறாமலே செலவு ஏறும் வழி ஒன்று இருக்கிறது. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம் எடை. இப்போது அதே உயரம், அதே நிறத்தில் 850 கிராம் பாக்கெட்டும் அலமாரியில் பக்கத்திலேயே நிற்கிறது, பத்து ரூபாய் குறைவாக. எண்ணெய், பிஸ்கட், டீத்தூள் போன்றவற்றை இந்தந்த அளவில்தான் அடைக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2021இல் வந்த திருத்தம் அதை எடுத்துவிட்டு, பதிலாக ஒரு கிராமுக்கோ மில்லிக்கோ என்ன விலை என்பதை உறையில் அச்சிடச் சொன்னது. அச்சிடுகிறார்கள்தான். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டுப் படிக்கும் எழுத்தில். பத்து ரூபாய்ப் பிஸ்கட்டுக்கு எப்போதும் பத்து ரூபாய்தான். உள்ளே எத்தனை கிராம் என்பதுதான் மாறும்.

எடை மாறினால் என்ன ஆகும்

2024ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட புதிய குறியீட்டு வரிசை 2026 பிப்ரவரியில் வந்தது. 2023-24 ஆய்வை வைத்துச் செய்தது. அதில் உணவின் எடை சுமார் 37 ஆகக் குறைந்துவிட்டது. ஹோட்டல் சாப்பாட்டைத் தனிப் பிரிவுக்கு மாற்றியதும் அந்தச் சரிவுக்கு ஒரு காரணம். பதினான்கு வருடப் பழைய கூடையை மாற்றியது தேவையான வேலைதான்.

ஆனால் விளைவு ஒன்று உண்டு. இனி தக்காளியோ வெங்காயமோ ஏறினால் மொத்தப் பணவீக்கம் முன்னைப்போல் துள்ளாது. ரிசர்வ் வங்கி 4 சதவீதத்தை இலக்காக வைத்து வட்டியை முடிவு செய்வது இந்த எண்ணை வைத்துத்தான். அங்கே பதற்றம் குறையும். கடைசி 5 சதவீத நகர்ப்புறக் குடும்பத்துக்கு அந்தச் சலுகை இல்லை. நான்கு பேர், வாரம் மொத்தச் செலவே சுமார் 2,220 ரூபாய். காய்கறிக்கு 130 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, 2024 அக்டோபர் போல 42 சதவீதம் ஏறினால் வாரம் 55 ரூபாய் கூடுதல். மொத்த பட்ஜெட்டில் 2.5 சதவீதம். மேல்மட்ட 5 சதவீதக் குடும்பம் வாரம் சுமார் 19,000 ரூபாய் செலவழிக்கிறது. அவர்கள் 400 ரூபாய்க்குக் காய்கறி வாங்கி அதுவும் 42 சதவீதம் ஏறினால் 168 ரூபாய் கூடும். ஒரு சதவீதம்கூட இல்லை.

அரசு ஊழியருக்கு அகவிலைப்படி உண்டு. அதுவும் தொழிலாளர்களுக்கான தனிக் குறியீட்டெண்ணை வைத்துக் கணக்கிடுவது. சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவருக்கு அப்படி எந்தப் படியும் இல்லை. வருமான அடுக்கு வாரியாகத் தனித்தனிக் கூடை போட்டு மாதாமாதம் குறியீடு வெளியிட ஆய்வில் தரவு இருக்கிறது. அதை அரசு செய்வதில்லை. செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை பணவீக்கச் செய்தியைப் படிக்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று:

1. மொத்த எண்ணுக்குப் பதிலாக மாநில வாரி அட்டவணையில் தமிழ்நாட்டு எண். மாதாமாதம் 12ஆம் தேதியை ஒட்டி வரும் வெளியீட்டிலேயே அது இருக்கிறது.

2. காய்கறியை விட்டுவிட்டு, எண்ணெய், பால், மீன்-இறைச்சி ஆகியவற்றின் தனித்தனி எண். காய்கறி இரண்டு மாதத்தில் இறங்கிவிடும். பால் ஏறினால் இறங்குவது அபூர்வம்.

3. போன வருடம் இதே மாதம் என்ன நடந்தது. அந்த எண் தெரியாமல் இந்த மாத எண்ணைப் படிப்பதில் பயனில்லை.

வீட்டுக் கணக்குக்கு ஒரு மாத மளிகைச் சீட்டையும், அந்த மாதத்துப் பால் கணக்கையும், அந்த மாதம் முழுவதும் ஆன சந்தைச் செலவையும், வெளியில் சாப்பிட்டதையும் கூட்டி, முப்பதால் வகுத்து ஏழால் பெருக்கினால் போதும். பெரும்பாலான வீடுகளில் அந்தத் தொகை, கேட்டவுடன் வாயில் வருகிற தொகையைவிடப் பெரிதாக இருக்கும். விடுபட்டிருப்பது அநேகமாக டீக்கடையும் பிஸ்கட்டும்தான்.